பத்தாம் தேதி எங்கே தொடங்குகிறது?

ஸ்ரீரங்கம்,
19.1.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. வேலையில் சேர்ந்த சூட்டோடு உன் தலையில் வசூல் ரிப்போர்ட்டைக் கட்டிவிட்டார்கள் என்று உங்கப்பா சொன்னான். டவுன் பஸ் முதலாளி ஒருவருக்கு உங்கள் கம்பெனி டிக்கெட் மெஷின் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறது. அதில் ஜனவரி 10-ஆம் தேதி வசூல் உதைக்கிறது. கண்டக்டர் கட்டிய பணம் அதிகம், ரிப்போர்ட் காட்டுவது குறைவு. "மணியை விட்டுட்டு தேதியை மட்டும் கம்பேர் பண்ண ஒரே ஒரு வரி சொல்லுங்க பெரியப்பா" என்று கேட்டிருக்கிறாய். சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு போனால் இந்த மாதம் ரிப்போர்ட் ஓடும், அடுத்த மாதம் வேறு இடத்தில் உதைக்கும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதானே, டீயைப் போட்டுக்கொண்டு படி.

முதலில் மெஷின் என்ன எழுதுகிறது என்று பார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் வண்டி கிளம்பியதும் கண்டக்டர் ஸ்டேஜைத் தட்டிச் சீட்டைக் கிழிக்கிறார். அந்தச் சீட்டுக்கு ஒரு வரி விழுகிறது: 2025-01-10 08:14:37. நீ எழுதிய நிபந்தனை, டிக்கெட் நேரம் = '2025-01-10'. இதை டேட்டாபேஸ் "பத்தாம் தேதி முழுக்க" என்று படிக்காது. மணி சொல்லாமல் விட்டதால் அதுவே 00:00:00 என்று போட்டுக்கொள்ளும். பத்தாம் தேதி பிறந்த அந்த விநாடியில் கிழித்த சீட்டு இருந்தால் வரும். இல்லாவிட்டால் பூஜ்யம். முதல் நாள் உனக்கு ஒரு வரிகூட வரவில்லை என்றாயே, அதற்குக் காரணம் இவ்வளவுதான்.

பெயரை நம்பியும் ஏமாறாதே. ஆரக்கிளில் 'டேட்' என்று பெயர் வைத்திருக்கும் வகைக்குள்ளேயே மணி, நிமிடம், விநாடி எல்லாம் உட்கார்ந்திருக்கும். எஸ்க்யூஎல் சர்வரில் மணி இல்லாத வெறும் தேதி வகை 2008 பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன் எழுதிய டேபிள்கள் இன்னும் எத்தனையோ கம்பெனிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

பூஜ்யம் வந்ததும் எல்லோரும் செய்வதையே நீயும் செய்தாய்: டிக்கெட் நேரத்தின் மேல் ஒரு ஃபங்ஷனைப் போட்டு மணியை வெட்டிவிட்டாய். ஆரக்கிள்காரர்கள் ட்ரங்க் போடுவார்கள், மைஎஸ்க்யூஎல்காரர்கள் டேட் ஃபங்ஷன், மற்றவர்கள் காஸ்ட். விடை சரியாகவே வரும். சிக்கல் வேகத்தில் இருக்கிறது. நேரத்தின் மேல் இண்டெக்ஸ் போட்டிருப்பார்கள். இண்டெக்ஸை நேர வரிசைப்படி அடுக்கிய சீட்டுக்கட்டு என்று வைத்துக்கொள். பத்தாம் தேதி வேண்டுமென்றால் அது தொடங்கும் இடத்தில் ஒரு விரல், முடியும் இடத்தில் ஒரு விரல், நடுவில் இருப்பதை உருவினால் வேலை முடிந்தது. நீயோ கட்டில் உள்ள ஒவ்வொரு சீட்டையும் எடுத்து, மணியைக் கட்டைவிரலால் மறைத்து, "இது பத்தாம் தேதியா?" என்று பார்க்கச் சொல்கிறாய். ஒரு மாதச் சீட்டுக்கு அது ஓடிவிடும். ஐந்து வருஷச் சீட்டு சேர்ந்த பிறகு ஓட்டிப் பார், முதலாளி போன் செய்து "என்னம்மா, சுத்திக்கிட்டே இருக்கு?" என்பார்.

விதிவிலக்கு உண்டு. ஆரக்கிளில் வெட்டிய மதிப்புக்கே தனி இண்டெக்ஸ் கட்டலாம். மைஎஸ்க்யூஎல்லிலும் 8.0.13 முதல் அதற்கு வழி இருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வர், தேதியாக மாற்றும் காஸ்டை மட்டும் அடையாளம் கண்டு இண்டெக்ஸைப் பயன்படுத்திக்கொள்ளும். இதெல்லாம் அந்தந்த டேட்டாபேஸ் தரும் சலுகை. சலுகையைப் பழக்கமாக்கிக்கொண்டால் கம்பெனி டேட்டாபேஸை மாற்றுகிற அன்றைக்கு முழிக்க வேண்டிவரும்.

அடுத்து உன் சீனியர் 'பிட்வீன்' போடச் சொன்னாராம். படிக்க அழகாக இருக்கும். ஆனால் பிட்வீன் இரண்டு முனையையும் சேர்த்துக்கொள்ளும். இம்மாதக் கடைசியில் உன்னிடம் ஜனவரி வசூல் கேட்பார்கள். '2025-01-01'-க்கும் '2025-01-31'-க்கும் நடுவே என்று எழுதினாயானால், 31-ஆம் தேதி பிறந்த விநாடியோடு கணக்கு நின்றுவிடும். அன்று பகல் முழுக்க ஓடிய வசூல் ரிப்போர்ட்டுக்கு வராது. வருகிற 31 எந்த நாள் என்று காலண்டரைப் பார்த்தாயா? தை வெள்ளி. சமயபுரம் வண்டியில் கால் வைக்க இடம் இருக்காது. மாதத்திலேயே நல்ல வசூல் நாளில் ஒன்றை விட்டுவிட்டு மொத்தம் போட்டுக் கொடுப்பாய், எர்ரர் எதுவும் வராது, யாரும் உடனே கண்டுபிடிக்கவும் மாட்டார்கள். எர்ரர் வராத தப்புதான் எனக்குப் பிடிக்காத தப்பு.

இதற்கு ஒட்டுப்போடுகிறவர்கள் முடிவில் 23:59:59 என்று சேர்ப்பார்கள். போஸ்ட்கிரெஸ் மைக்ரோ விநாடி வரை எழுதும். கடைசி விநாடிக்குள் விழுந்த வரிகள் அங்கே வெளியே நிற்கும். சரி என்று .999 சேர்த்தால் எஸ்க்யூஎல் சர்வரின் பழைய டேட்டைம் வகை வேறு விதமாகக் காலை வாரும். அது விநாடியில் முந்நூறில் ஒரு பங்கு வரைதான் பிரித்து வைக்கும். 23:59:59.999 என்பதை அது மேலே தள்ளி மறுநாள் 00:00:00 ஆக்கிவிடும். அந்த வகையில் ஒரு நாளின் கடைசிப் புள்ளி .997. இதை மனப்பாடம் செய்து என்ன ஆகப்போகிறது? நாளின் கடைசிப் புள்ளியைத் தேடுகிற வேலையே வேண்டாம்.

நீ கேட்ட வரி இதுதான்:

டிக்கெட் நேரம் >= '2025-01-10 00:00:00' மற்றும் டிக்கெட் நேரம் < '2025-01-11 00:00:00'

தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. பத்து முடியும் புள்ளியும் பதினொன்று தொடங்கும் புள்ளியும் ஒன்றே என்பதால் ஒரு சீட்டு இரண்டு நாளிலும் விழாது, இரண்டுக்கும் நடுவே தொலையவும் தொலையாது. விநாடியை எத்தனை துண்டாக வெட்டினாலும் இந்த வரி மாறாது. மாதக் கணக்கென்றால் ஜனவரி 1 உள்ளே, பிப்ரவரி 1 வெளியே. பிப்ரவரிக்கு 28 நாளா 29 நாளா என்று விரல் மடக்க வேண்டியதும் இல்லை. சீட்டின் நேரத்தை அதன்பாட்டுக்கு விட்டுவிட்டுக் கேள்விக்கு எல்லை போடுகிறோம், இண்டெக்ஸும் வேலை செய்யும்.

மறுநாளைக் கணக்கிடும்போது 24 மணி நேரம் கூட்டாதே, ஒரு நாள் கூட்டு. இரண்டும் ஒன்றுதானே என்பாய். இலங்கை மின்சாரத்தை மிச்சப்படுத்த 1996-இல் கடிகாரத்தை முன்னே தள்ளியது. பத்து வருஷம் கழித்து, 2006 ஏப்ரல் 15 நள்ளிரவு தாண்டி 12:30 ஆனபோது அரை மணி பின்னே இழுத்து நம் நேரத்துக்கு வந்து சேர்ந்தது. அன்று கொழும்பில் நள்ளிரவை அடுத்த அரை மணி இரண்டு தடவை வந்தது. அந்த நாளுக்கு இருபத்து நாலரை மணி நேரம். லண்டனிலும் டொராண்டோவிலும் இருக்கிற நம் ஆட்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் 23 மணி, ஒரு நாள் 25 மணி. உன் கம்பெனி திருச்சியோடு நிற்கப் போகிறதா என்ன?

இப்போது பத்தாம் தேதிக்கு வருகிறேன். மேலே சொன்ன வரியைப் போட்டாலும் உன் ரிப்போர்ட் சரியாகாது. உன் மெசேஜைப் படித்ததும் எனக்குத் தோன்றியது அதுதான்.

2025 ஜனவரி 10 வைகுண்ட ஏகாதசி. இங்கே பரமபத வாசல் விடியுமுன் திறக்கிறது. சனம் ஒன்பதாம் தேதி ராத்திரியிலிருந்தே சத்திரத்தில் வந்து இறங்கும். கரூர், நாமக்கல், துறையூர், லால்குடி என்று நாலு பக்கத்து வண்டியும் அங்கேதானே வந்து நிற்கும். அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, மாம்பழச்சாலை வழியாக விடிய விடிய வந்துகொண்டே இருப்பார்கள். அன்றைய வசூலில் பெரும் பங்கு நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் விழுந்திருக்கும்.

உன் சர்வர் எந்த நேரத்தில் ஓடுகிறது? கிளவுட் சர்வர் என்றால் பெரும்பாலும் உலகப் பொது நேரம், யுடிசி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே போகிறது. நமக்குப் பத்தாம் தேதி நள்ளிரவு பிறக்கும்போது அங்கே ஒன்பதாம் தேதி மாலை 18:30. அதிகாலை மூன்று மணிக்குச் சத்திரத்தில் கிழித்த சீட்டு, சர்வரில் ஒன்பதாம் தேதி 21:30 என்று உட்காரும். நம் காலை ஐந்தரைக்குத்தான் அங்கே பத்து பிறக்கிறது. ஆக ஏகாதசிக் கூட்டம் அத்தனையும் தசமிக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிட்டது. சாதாரண நாளில் அந்த ஐந்தரை மணி நேரத்தில் ஓடுகிற வண்டி கொஞ்சம், வித்தியாசம் சில்லறையாக இருந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஏகாதசி வந்துதான் அதைக் காட்டிக் கொடுத்தது.

"என் லேப்டாப்பில் சரியாகத்தான் வருது" என்றும் எழுதியிருந்தாய். வரும். போஸ்ட்கிரெஸில் நேர மண்டலத்தோடு வைத்த நேரத்தைத் தேதியாக மாற்றினால், கேட்பவருடைய செஷன் எந்த மண்டலத்தில் இருக்கிறதோ அதன்படிதான் தேதி விழும். உன் லேப்டாப் இந்திய நேரம், சர்வர் யுடிசி. ஒரே கேள்விக்கு இரண்டு பதில். இதற்கும் வைத்தியம் எல்லையில்தான்: பத்தாம் தேதியை நம் நேரத்தில் நினைத்துக்கொண்டு எல்லைகளை மட்டும் யுடிசிக்கு மாற்று. '2025-01-09 18:30' உள்ளே, '2025-01-10 18:30' வெளியே. அந்த மாற்றலையும் கையால் ஐந்தரை கழித்துச் செய்யாதே, 'ஆசியா/கொல்கத்தா' என்று மண்டலத்தின் பெயரைச் சொல்லி டேட்டாபேஸையே செய்யச் சொல்.

(பெயர் சொன்னதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தேதி தெரியாத இடத்தில் 1900-01-01 என்று போட்டுவைக்கும் பழக்கம் உங்கள் ஆட்களுக்கும் இருக்கும். அந்த மண்டலத்தில் அதை மாற்றிப் பார்த்தால் ஐந்தரை மணி வித்தியாசம் வராது, 5 மணி 21 நிமிடம் 10 விநாடி வரும். அது பழைய மெட்ராஸ் நேரம். 1906 ஜனவரி 1-இல்தான் இந்திய நேரம் வந்தது. வைரஸ் என்று யாராவது அலறினால் பயப்படாதே.)

பிறந்த தேதிக்கும் இதே கதி. ஒருத்தியின் பிறந்த நாளை மணியோடு சேர்த்து நள்ளிரவு என்று வைத்து, யுடிசிக்கு மாற்றினால் அவள் முந்தின நாள் பிறந்தவளாகிவிடுவாள். பிறந்த தேதி, ஆர்சி தேதி, பாஸ் முடியும் தேதி எல்லாம் மணியே இல்லாத தேதிகள். மணி இல்லாத வகையில் மட்டுமே வை.

இது வரை சொன்னது கம்ப்யூட்டர் சமாச்சாரம். இனி உன் சீனியர் சொல்லித் தராத விஷயம். பத்தாம் தேதி நள்ளிரவில்தான் தொடங்குகிறது என்று உனக்கு யார் சொன்னது?

பஞ்சாங்கம் பார்க்கிறவருக்கு நாள் சூரிய உதயத்தில் பிறக்கிறது. அரசாங்கம்கூட எப்போதும் நள்ளிரவைப் பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. 2021-இல் முழு ஊரடங்கு போட்டபோது மே 10 அதிகாலை 4 மணி முதல் மே 24 அதிகாலை 4 மணி வரை என்றுதான் உத்தரவு வந்தது. அந்த உத்தரவை எழுதியவர் தேதியோடு மணியையும் சொன்னார், எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாரும் கேட்க இடமில்லை. அந்த ஒழுங்கு உன் கேள்விகளிலும் இருக்க வேண்டும்.

உன் முதலாளியின் நாள் எது? சாயங்காலம் மெஷினை வாங்கின கண்டக்டர் கடைசி நடையை முடிக்கும்போது நள்ளிரவு தாண்டிவிடுகிறது. பிறகுதான் வசூலை எண்ணிக் கட்டுகிறார். அவர் கட்டும் பணம் ஒன்பதாம் தேதி டூட்டிப் பணம். ஆனால் அதில் நள்ளிரவுக்குப் பின் கிழித்த சீட்டுகள், சுவர்க் கடிகாரத்துக்குப் பத்தாம் தேதி. நீ நேர மண்டலத்தைச் சரி செய்தாலும், நள்ளிரவில் வெட்டினால் ரிப்போர்ட்டும் பணமும் ஒட்டாது. இதை எந்த ஃபங்ஷனும் சரி செய்யாது. முதலாளியிடம் கேட்டு, சீட்டு விழும்போதே 'டூட்டி தேதி' என்று டேபிளில் தனி நெடுவரிசையில், மணி இல்லாத தேதி வகையில், மெஷினே எழுதும்படி செய்யச் சொல். அப்புறம் டூட்டி தேதி = '2025-01-09' என்று நீ முதலில் எழுதிய அதே சமக்குறியைத் தாராளமாகப் போடலாம். எண்ணுக்கு எண் ஒட்டும், இண்டெக்ஸும் ஓடும்.

அதற்காக டிக்கெட் நேரத்தை அழித்துவிடாதே. எந்த நடையில் கூட்டம், எந்த நேரத்துக்கு வண்டி விட வேண்டும் என்று பிறகு கேட்பார்கள். அதற்கு அதுதான் வேண்டும்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முதலாளி உன்னிடம் ஏகாதசி வசூலை வருஷவாரியாக ஒப்பிட்டுக் காட்டச் சொல்வார், எழுதி வைத்துக்கொள். 2023-இல் ஏகாதசி இரண்டு தடவை வந்தது, ஜனவரி 2-இலும் டிசம்பர் 23-இலும். 2024-இல் ஒன்றுகூட இல்லை. இந்த வருஷம் ஜனவரி 10 போயிற்று, டிசம்பர் 30-இல் இன்னொன்று வரப் போகிறது. நீ வருஷத்தை மட்டும் வெட்டி எடுத்து குரூப் செய்தால் போன வருஷம் பூஜ்யம் என்று வரும். அவர் உன்னை முறைப்பார். திருவிழா நாட்களுக்கு ஒரு சின்ன டேபிள் போட்டு, அந்தந்த நாளின் தொடக்கத்தையும் முடிவையும் அதில் எழுதி வைத்துச் சேர்த்துக்கொள்.

தேதியை எழுதும் விதத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். 10/01/2025 என்று எழுதினால் அமெரிக்க அமைப்பில் ஓடுகிற சர்வர் அதை அக்டோபர் 1 என்று எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடும். 13-ஆம் தேதிக்குத்தான் பதின்மூன்றாம் மாதம் எங்கே என்று எர்ரர் கொடுக்கும். வருஷம், மாதம், நாள் என்ற வரிசையிலேயே எழுது.

அடுத்த வாரம் ஊருக்கு வரும்போது நேரே வீட்டுக்கு வராதே. சத்திரத்தில் இறங்கு. 2021 கடைசியில் புதிதாகக் கட்டித் திறந்த ஸ்டாண்டில் உட்கார இடம் நிறையவே இருக்கிறது. ராத்திரி டூட்டி மாறும் நேரத்தில் 1-ஆம் நம்பர் வண்டிக் கண்டக்டர் யாராவது ஓய்வாக நிற்பார். "அண்ணே, உங்க கணக்குல நாள் எப்ப முடியுது?" என்று கேள். தேதி மாறும்போது மெஷினில் என்ன செய்கிறார், நடுவில் மெஷின் நின்றுபோனால் என்ன செய்கிறார், சீட்டைக் கையால் கிழித்தால் எந்தத் தேதி போடுகிறார் என்பதையும் கேள். உங்கள் கம்பெனியில் இதைக் கேட்டவர் யாரும் இருக்கமாட்டார் என்பது என் ஊகம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகளுக்குக் கண்டக்டரோடு பேசக் கூச்சம். அந்தக் கூச்சம் ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்.

கடைசியாக ஒரு வேலை, இது அவசரம். பத்தாம் தேதி குறைகிறது என்று மட்டும் சொன்னாயே, ஒன்பதாம் தேதி ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்தாயா? பத்தில் குறைந்தது அத்தனையும் ஒன்பதில் கூடியிருக்கும். அங்கே சீட்டு அதிகம், கட்டின பணம் குறைவு என்று வரும். அப்படி வந்தால் முதலாளி யாரைக் கேட்பார்? அன்றைக்கு டூட்டி பார்த்த கண்டக்டரைத்தான். "மீதிப் பணம் எங்கே?" என்று கேட்டிருப்பார், சம்பளத்தில் பிடித்திருந்தாலும் ஆச்சரியமில்லை. நாளைக் காலை ஆபீஸ் போனதும் ரிப்போர்ட்டைத் திருத்துவதற்கு முன்னால், ஒன்பதாம் தேதிக் குறைவு சர்வர் நேரத்தால் வந்தது, கண்டக்டர் கட்டிய கணக்கு சரி என்று முதலாளிக்கு ஒரு மெயில் போட்டுவிடு. மற்றதெல்லாம் அப்புறம்.

அன்புடன்,
பெரியப்பா